யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு டிரைவர் இல்லை: கர்னலை மாற்றுவதா, டிரைவரைக் கட்டுவதா, அடாப்டரையே மாற்றுவதா?

அடாப்டரைச் செருகியாயிற்று, விளக்கும் எரிகிறது, ஆனால் நெட்வொர்க் பட்டியல் காலியாக இருக்கிறது. லினக்ஸ் கணினியில் இந்த நிலைக்கு வந்தவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பிக்கலாம். வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரின் மூலநிரலை வெளியிலிருந்து எடுத்து, தானே கட்டி (கம்பைல் செய்து) நிறுவலாம். அடாப்டரை மாற்றலாம். அல்லது வைஃபையை விட்டுவிட்டு இணைப்பை வேறு பாதையில் கொண்டுவரலாம். தேடினால் முதலில் கண்ணில் படுவது இரண்டாவது வழிதான். பலரும் உடனே அதில் இறங்கிவிடுகிறார்கள். என் கருத்து வேறு: கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்தான் நிலைத்து நிற்கும், வெளியிலிருந்து கட்டும் டிரைவர் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், எந்தச் சூழ்நிலையில் அந்தக் கருத்து பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

சிப் எது என்று தெரியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது

பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை வைத்து டிரைவர் தேட வேண்டாம். டிரைவர் எழுதப்படுவது உள்ளே இருக்கும் சிப்புக்கு. ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, வேறு நிறுவனத்தின் சிப் வருவது இந்தத் துறையில் சகஜம். பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என். அதன் முதல் பதிப்பில் அத்தெரோஸின் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும், அதன் ஃபர்ம்வேர்கூட (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) திறந்த மூலம். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8188 வகை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், டிரைவர் விஷயத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஒவ்வொரு யுஎஸ்பி சாதனமும் கணினியிடம் இரண்டு எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண். லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை இவற்றைக் காட்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் இருக்கும். தயாரிப்பாளர் எண் 0பிடிஏ என்றால் ரியல்டெக், 0ஈ8டி என்றால் மீடியாடெக், 148எஃப் என்றால் ராலிங்க், 0பி95 என்றால் ஏசிக்ஸ். சில பிராண்டுகள் சிப் நிறுவனத்தின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணையே போட்டிருக்கும். அதனால் முதல் பாதியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், இரண்டு எண்களையும் சேர்த்தே தேடுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது வைஃபை சிப்பின் எண் அல்ல. விண்டோஸ் டிரைவரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சில ரியல்டெக் அடாப்டர்கள், செருகியதும் முதலில் ஒரு சிடி டிரைவாகத் தங்களைக் காட்டிக்கொள்ளும். விண்டோஸில் அந்தச் 'சிடி'யிலிருந்து டிரைவரை நிறுவிய பிறகுதான் வைஃபை சாதனமாக மாறும். லினக்ஸில் அந்த மாற்றத்தைச் செய்ய யுஎஸ்பி-மோடுஸ்விட்ச் என்ற கருவி வேண்டும். சில சமயம் அந்தச் சிடியை 'எஜெக்ட்' செய்தாலே போதும், உண்மையான எண் வெளிவந்துவிடும். இது தெரியாமல், நன்றாக இருக்கும் டிரைவரைக் குறை சொல்லி நாள் முழுக்க அலைய நேரிடும்.

டிரைவர்தான் சிக்கலா?

எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் அடாப்டரே வரவில்லை என்றால், எந்த டிரைவரும் உதவாது. கர்னல் எழுதும் நிகழ்வுப் பதிவில் டிஸ்கிரிப்டரை (சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரத்தை) படிக்க முடியவில்லை, பிழை −71 அல்லது −110 என்று திரும்பத் திரும்ப வந்தால், பார்க்க வேண்டியவை கேபிள், போர்ட், மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்வரை தரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை. தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் நான்கு சாதனங்களைச் செருகிவிட்டு, வேகமான வைஃபை அடாப்டரும் அங்கேயே நிலையாக ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கணினியின் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

டிரைவர் ஏறிவிட்டது, ஆனால் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை −2 என்று பதிவு சொன்னால், கதை எளிது. −2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் அல்லது புதுப்பித்தால் சரியாகிவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இது நீண்ட காலம் பெரிய தொல்லையாக இருந்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல், கட்டற்ற உரிமத்தில் இல்லாத ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ நிறுவல் பிம்பத்திலேயே சேர்ந்து வருகிறது. அதற்கு முன் நிறுவி, அப்படியே மேம்படுத்திக்கொண்டு வந்த கணினிகளில் அந்தத் தொகுப்புக் களஞ்சியம் இன்னும் சேர்க்கப்படாமல் இருக்கலாம்.

இடைமுகம் தெரிகிறது, ஸ்கேன் செய்ய மறுக்கிறது என்றால் வைஃபையை அணைத்துவைக்கும் ஆர்எஃப்கில் பூட்டைப் பாருங்கள். இணைப்பு வருகிறது, பத்து நிமிடத்தில் விழுகிறது என்றால் மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தைத் தூங்கவைக்கும் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை நிறுத்திப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது, அடாப்டர் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் இருக்கிறது என்றால், அந்த யுஎஸ்பி இணைப்பே அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பலாம். இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆவணம் ஒன்றில் இது விளக்கப்பட்டிருக்கிறது. ஒரு நல்ல நீட்டிப்புக் கேபிளைப் போட்டு அடாப்டரைச் சற்றுத் தள்ளி வைத்தால் வித்தியாசம் தெரியும்.

இவை எதுவும் இல்லை, சாதனம் பட்டியலில் இருக்கிறது, ஆனால் எந்த டிரைவரும் அதைப் பிடிக்கவில்லை என்றால்தான் கீழே உள்ள ஒப்பீடு உங்களுக்கானது.

புதிய கர்னல்

யுஎஸ்பி வைஃபைக்கான ஆதரவு கர்னலுக்குள் வந்தது ஒரே நாளில் அல்ல. மீடியாடெக்கின் எம்டி7610யு, எம்டி7612யு சிப்புகளுக்குக் கர்னலின் 4.19 பதிப்பிலேயே டிரைவர் வந்துவிட்டது. வைஃபை 6இ சிப்பான எம்டி7921ஏயுவுக்கு 5.18. ரியல்டெக் பக்கம் தாமதம் அதிகம். ஆர்டிடபிள்யு88 என்ற டிரைவருக்கு யுஎஸ்பி ஆதரவு கிடைத்தது 6.2இல்தான். ஆர்டிஎல்8822பியு, ஆர்டிஎல்8821சியு போன்றவை அப்போது உள்ளே வந்தன. சந்தையில் பல ஆண்டுகளாகக் கொட்டிக் கிடக்கும் ஆர்டிஎல்8812ஏயு, ஆர்டிஎல்8821ஏயு ஆகியவற்றுக்கு 6.12க்குப் பிறகு வந்த பதிப்புகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, உங்கள் சிப் எந்தப் பதிப்பில் உள்ளே வந்தது, நீங்கள் ஓட்டுவது எந்தப் பதிப்பு: இந்த இரண்டு எண்களை ஒப்பிட்டாலே பாதித் தீர்மானம் முடிந்துவிடும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதில் இருந்தது 5.15. அதில் ஆர்டிஎல்8822பியு வேலை செய்யாது. அதே 22.04இல் ஹெச்டபிள்யுஇ என்ற புதிய வன்பொருளுக்கான கர்னல் வரிசைக்கு மாறினால் 6.8 கிடைக்கும், அடாப்டர் உயிர்பெறும். மொத்த இயங்குதளத்தையும் மாற்றத் தேவையில்லை. டெபியனில் இதே வேலையைப் பேக்போர்ட்ஸ் (பழைய வெளியீட்டுக்குப் புதிய மென்பொருளைத் தரும் களஞ்சியம்) செய்யும். ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் வழக்கமான புதுப்பிப்பே புதிய கர்னலைக் கொண்டுவந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புதிய இயங்குதளப் பதிப்பு என்றால் போதுமான அளவு புதிய கர்னல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 ஓட்டுவது 6.12. ஆர்டிஎல்8812ஏயு வைத்திருப்பவருக்கு அது சற்று முன்னாலேயே நின்றுவிடுகிறது. மறுபக்கம், அதைவிடப் பழைய வெளியீடான உபுண்டு 24.04 ஹெச்டபிள்யுஇ வரிசையில் 2025இலேயே 6.14ஐத் தந்தது. வெளியீட்டு ஆண்டைப் பார்க்காமல் கர்னல் எண்ணைப் பாருங்கள்.

கர்னலோடு ஃபர்ம்வேர் தொகுப்பும் புதியதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் நகர்ந்தால், மேலே சொன்ன −2 பிழைதான் வந்து நிற்கும். அப்புறம், ஒரு சிப்புக்கான ஆதரவு கர்னலில் நுழைந்த முதல் பதிப்பிலேயே எல்லாம் மெருகாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆர்டிடபிள்யு88 யுஎஸ்பி டிரைவர் 6.2க்குப் பிறகும் தொடர்ந்து திருத்தப்பட்டுத்தான் வந்தது. ஒன்றிரண்டு பதிப்பு தள்ளியே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த வழியின் செலவு என்ன? கணினியின் அடித்தளமே மாறுகிறது. என்விடியா போன்ற தனி டிரைவர்கள் ஏற்கெனவே இருந்தால் அவையும் புதிய கர்னலுக்கு ஏற்ப மறுபடி கட்டப்பட வேண்டும். வேலைக்கான மென்பொருள் குறிப்பிட்ட கர்னலுக்கு மட்டுமே சான்றளிக்கப்பட்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. பழைய கர்னல் பூட் மெனுவில் அப்படியே இருக்கும், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். இந்தத் திரும்பும் வசதிதான் எனக்கு இந்த வழியில் மிகவும் பிடித்தது.

வெளியிலிருந்து கட்டும் டிரைவர்

சிப் நிறுவனங்கள் தங்கள் வன்பொருள் வாடிக்கையாளர்களுக்காக ஒரு டிரைவர் மூலநிரலை வெளியிடும். அது குறிப்பிட்ட சில கர்னல் பதிப்புகளுக்கு எழுதப்பட்டதாக இருக்கும். தன்னார்வலர்கள் அதை எடுத்து, புதிய கர்னல்களுக்கு ஏற்பத் திருத்தி, கிட்ஹப்பில் வைத்திருப்பார்கள். நாம் இறக்குவது பெரும்பாலும் இதைத்தான். அந்த உழைப்புக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பல ஆண்டுகள் ரியல்டெக் அடாப்டர்கள் லினக்ஸில் ஓடியதே அவர்களால்தான். ஆனால் இதன் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக எந்த உறுதியும் தருவதில்லை, வேண்டுமென்றே தருவதில்லை. உள்ளே இருக்கும் டிரைவர் என்றால், இடைமுகத்தை மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவரைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு, கர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் டிரைவரைத் தானாகவே மறுபடி கட்டும். டெல் நிறுவனத்தில் 2003 வாக்கில் தொடங்கியது. வெளி டிரைவரை நிறுவுவதாக இருந்தால் டிகேஎம்எஸ் வழியாகத்தான் நிறுவ வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் டிகேஎம்எஸ் செய்வது கட்டுவதை மட்டுமே, திருத்துவதை அல்ல. கர்னலின் உள் இடைமுகம் மாறியிருந்தால் கட்டுமானம் தோல்வியில் முடியும். வழக்கமான புதுப்பிப்பை ஓட்டி, கணினியை மீண்டும் தொடங்கியதும் வைஃபை காணாமல் போவது இப்படித்தான். சரிசெய்யத் தேவையான புதிய மூலநிரல் இணையத்தில் இருக்கும், இணையத்துக்குப் போகும் வழியோ உங்களிடம் இருக்காது. இந்த வழியில் போகிறவர்கள் பழைய கர்னல் ஒன்றை எப்போதும் அழிக்காமல் வைத்திருப்பது கட்டாயம்.

முதல் தடவை கட்டவும் சில பொருட்கள் வேண்டும்: கம்பைலர், டிகேஎம்எஸ், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பதிப்போடு துல்லியமாகப் பொருந்தும் ஹெடர்கள் (கர்னலின் உள் இடைமுகங்களை விவரிக்கும் கோப்புகள்). ஹெடர் பதிப்பு ஒரு புள்ளி மாறியிருந்தாலும் கட்டாது. சிறிய ஆர்ம் போர்டுகளில், போர்டு நிறுவனமே தந்த தனிக் கர்னல் ஓடும்போது அதற்கான ஹெடர் தொகுப்பே கிடைக்காமல் போகலாம். அங்கே இந்த வழியை முயலவே வேண்டாம் என்பேன்.

கணினி தொடங்கும்போது நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு படி உண்டு. ஏற்கப்பட்ட சாவியால் மின்கையொப்பமிடாத மாட்யூலை (கட்டிமுடித்த டிரைவர் கோப்பை) கர்னல் ஏற்றாது. டிரைவர் பிழையின்றிக் கட்டப்பட்டிருக்கும், ஏற்றும்போது சாவி ஏற்கப்படவில்லை என்று மறுத்துவிடும். உபுண்டுவில் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து உங்கள் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தத் திரை சில நொடிகள்தான் காத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து. செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை நிறைய இடங்களில் கிடைக்கும். ஒரு வைஃபை அடாப்டருக்காகக் கணினியின் தொடக்கப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, சாவியைப் பதிவுசெய்வது அப்படியொன்றும் கடினமான வேலையும் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்த வழி சரியாக அமையும் இடங்கள் உண்டு. கர்னலை மாற்ற அனுமதி இல்லாத கணினி, உள் டிரைவரே இன்னும் வராத சிப், அல்லது உள் டிரைவர் இருந்தும் உங்களுக்கு வேண்டிய ஒரு வசதி அதில் இல்லாத நிலை. அடாப்டரை அக்ஸஸ் பாயிண்ட்டாக (மற்ற சாதனங்களுக்கு வைஃபை தரும் நிலையமாக) ஓட்டுகிறவர்கள் சில சிப்புகளில் வெளி டிரைவரையே விரும்புவதற்கு இது காரணம். மூலநிரலை எடுக்கும் முன் அதில் கடைசியாகத் திருத்தம் நடந்தது எப்போது, உங்கள் கர்னல் எண் அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சிப்புக்குப் பல நகல்கள் இருக்கும், கைவிடப்பட்டவையே அதிகம்.

என்டிஐஎஸ்ராப்பர் என்ற பெயரும் தேடலில் வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவர்களை லினக்ஸுக்குள் ஓட்டிய கருவி அது. அதன் காலம் முடிந்துவிட்டது.

அடாப்டரை மாற்றுவது

பொருளைத் திருப்பித் தர முடியுமானால், அல்லது அந்தக் கணினி உங்கள் அன்றாட வேலையைச் சுமப்பதாக இருந்தால், நான் முதலில் யோசிப்பது இதைத்தான். வாங்கும்போது பெட்டியில் 'லினக்ஸ் ஆதரவு' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பழைய கர்னல் ஒன்றுக்கு எழுதிய மூலநிரல் ஒரு ஜிப் கோப்பில் கிடைக்கும் என்பதே பல நேரம் அதன் பொருள். சிப் பெயரைக் கேளுங்கள். வைஃபை 5 போதும் என்றால் எம்டி7612யு, வைஃபை 6இ வேண்டும் என்றால் எம்டி7921ஏயு, இரண்டும் கர்னலுக்குள் நன்றாகக் குடியேறியவை. 2.4 கிகாஹெர்ட்ஸும் மெதுவான வேகமும் போதும் என்பவர்களுக்கு ஏஆர்9271 இன்றும் நம்பகமானது, பழைய கர்னல்களிலும் ஓடும்.

மீடியாடெக் சிப்புள்ள பொருட்கள் கடைகளில் எளிதில் சிக்குவதில்லை, ரியல்டெக்தான் எங்கும் நிறைந்திருக்கிறது. ஆகவே சிப் தெரியாமல் வாங்க வேண்டிய நிலை வந்தால், புதிய கர்னல் ஓட்டுகிறவருக்கு மட்டுமே அது ஏற்கத்தக்க துணிச்சல்.

வைஃபையே வேண்டுமா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர்களின் உலகம் வேறு. யுஎஸ்பி தரத்திலேயே ஈதர்நெட்டுக்கென்று சிடிசி என்ற பொது வகுப்பு வரையறுக்கப்பட்டிருக்கிறது. இசிஎம், என்சிஎம் என்பவை அதன் வடிவங்கள். இவற்றைப் பின்பற்றும் அடாப்டருக்குத் தனி டிரைவரே வேண்டாம், இயங்குதளத்தில் இருக்கும் பொது டிரைவர் போதும். வைஃபை அடாப்டர்களுக்கு அப்படி எல்லோரும் பின்பற்றும் பொது வகுப்பு இல்லை. ஒவ்வொரு சிப்பும் தன் மொழியிலேயே பேசுகிறது. மேலே பார்த்த அத்தனை தொல்லைக்கும் வேர் இதுதான்.

ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8153 அல்லது ஏசிக்ஸ் ஏஎக்ஸ்88179, 2.5 ஜிகாபிட்டுக்கு ஆர்டிஎல்8156. மூன்றுக்கும் கர்னலில் டிரைவர் இருக்கிறது. ஆர்டிஎல்8156ஐச் சில கணினிகளில் அதன் சொந்த டிரைவருக்குப் பதில் பொது என்சிஎம் டிரைவர் பிடித்துக்கொள்ளும். இணைப்பு வரும், வேகம் குறைவாகத் தெரிந்தால் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் உச்ச வரம்பு நொடிக்கு 480 மெகாபிட் என்பதால், அங்கே ஜிகாபிட் அடாப்டர் முழு வேகம் தராது.

கேபிள் இழுக்க முடியாத இடத்தில், கிளையண்ட் அல்லது பிரிட்ஜ் முறையில் ஓடும் ஒரு சிறிய ரூட்டர் வைஃபையைப் பிடித்து ஈதர்நெட்டாகக் கொடுக்கும். கணினிக்கு எந்த வைஃபை டிரைவரும் தேவைப்படாது. இன்று மட்டும் சமாளிக்க வேண்டும் என்றால் கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யுஎஸ்பி டெதரிங். ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸில் செருகியதும் நெட்வொர்க் இடைமுகமாகத் தெரியும். ஹெடர்களை இறக்கவும் கர்னலைப் புதுப்பிக்கவும் இதுவே எளிய பாதை.

விண்டோஸ், மேக்

விண்டோஸில் தேர்வு சுருங்கிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் குறியீடு 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. வேறு வழியில் இணைய இணைப்பைக் கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஹார்டுவேர் ஐடியை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். டிரைவர்களைத் தானாகவே தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு மென்பொருட்கள் பக்கம் போகாதீர்கள். ஆர்ம் செயலி கொண்ட விண்டோஸ் கணினி என்றால் ஆர்ம்64க்கென்றே கட்டிய டிரைவர் வேண்டும். வேறு வகைச் செயலிக்கு எழுதிய சாதாரண நிரல்களை ஓட்டும் எமுலேஷன் கர்னல் டிரைவர்களுக்குச் செல்லாது. அந்த டிரைவர் இல்லை என்றால் அடாப்டரை மாற்றுவதுதான் வழி.

மேக்கில் யுஎஸ்பி வைஃபை டிரைவரோடு போராட வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். பழைய கர்னல் நீட்டிப்பு முறையை ஆப்பிள் ஓரங்கட்டிவருகிறது. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் அத்தகைய நீட்டிப்பை ஏற்றுவதற்கே ரிகவரியில் போய்ப் பாதுகாப்பு நிலையைக் குறைக்க வேண்டும். பொது வகுப்பைப் பின்பற்றும் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் அங்கே செருகியதும் ஓடும்.

வெளி டிரைவரிலிருந்து உள் டிரைவருக்கு மாறும்போது

ஏற்கெனவே டிகேஎம்எஸ் டிரைவரோடு இருப்பவர்கள், தங்கள் சிப்புக்கு உள் ஆதரவு வந்த கர்னலுக்குப் போகும்போது ஒன்றைச் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் பட்டியலிலிருந்து வெளி டிரைவரை நீக்குங்கள். பிறகு, டிரைவர்களை ஏற்றும் விதிகள் இருக்கும் மோட்ப்ரோப் கோப்புறையில், அதை நிறுவியபோது எழுதப்பட்ட பிளாக்லிஸ்ட் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளி டிரைவர்களின் நிறுவல் நிரல்கள் பல, உள் டிரைவர் குறுக்கே வராதிருக்க அதைத் தடைசெய்துவிடும். டிரைவரை நீக்கிய பிறகும் அந்தத் தடை அங்கேயே கிடந்தால், புதிய கர்னலில் எல்லாம் சரியாக இருந்தும் அடாப்டர் பேசாது. அந்தக் கோப்பையும் அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.